செங்கோட்டை: மலை விட்ட வழி

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே போகப் போக மூன்று இடங்களில் தாழ்ந்து, கிழக்கிலிருந்து மேற்கே போக வழி விடுகிறது. வடக்கே இருப்பது பாலக்காட்டுக் கணவாய். அகலமும் பேரும் அதற்குத்தான் அதிகம். தெற்குக் கடைசியில் ஆரல்வாய்மொழி. இரண்டுக்கும் நடுவில், குற்றால மலைக்குப் பக்கத்தில், ஏழெட்டு கிலோமீட்டர் அகலத்தில் இருக்கிறது செங்கோட்டைக் கணவாய். மலையாளக் கரையில் இதற்கு ஆரியங்காவுக் கணவாய் என்று பெயர். கணவாயின் கிழக்கு அடிவாரத்தில் செங்கோட்டை, உச்சியைத் தாண்டினால் ஆரியங்காவு, மேற்கு இறக்கத்தில் தென்மலை, சமவெளி தொடங்கும் இடத்தில் புனலூர். கொல்லம் துறைமுகத்தையும் திருநெல்வேலிச் சீமையையும் பல நூற்றாண்டுகளாக இணைத்த வழி இது.

நில அமைப்பைப் படிப்பவர்களுக்கு இந்தப் பள்ளம் வேறொரு வகையில் முக்கியம். தென்னிந்தியாவின் பழம்பாறைகளில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் மிகத் தொன்மையான பிளவுக்கோடு ஒன்று அச்சன்கோவில் பகுதியைக் கடந்து இங்கே வருகிறது. அந்தக் கோட்டை ஒட்டிய பாறைகள் நசுங்கி, மற்றவற்றைவிட எளிதில் தேய்ந்தன. அச்சன்கோவில் ஆறும் ஏறக்குறைய அதே போக்கில்தான் ஓடுகிறது. கோட்டுக்கு வடக்கே பெரியாறு, ஏலமலைத் தொகுதி. தெற்கே அகத்தியமலைத் தொகுதி.

செங்கோட்டை இன்று தென்காசி மாவட்டத்தின் ஒரு தாலுகா தலைமையிடம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதனுடன் வந்தது. தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம், குற்றாலம் அதைவிடப் பக்கம். ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் மலை தெரியும். நடுவில் வயல், தென்னை, குளம். ஊர் பெரிதல்ல. ஓட்டு வீடுகள் நிறைந்த பழைய தெருக்கள், குலசேகரநாதர் கோயில், ரயில் நிலையம், அதைச் சுற்றிய கடைத்தெரு என்று நடந்தே பார்த்துவிடலாம்.

இங்கே மழையும் காற்றும் கணவாயின் பேச்சைத்தான் கேட்கின்றன. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மோதும்போது, தமிழகத்தின் உள்மாவட்டங்கள் பல மழை மறைவில் வறண்டு கிடக்கும். தாழ்ந்த இந்த வழியாகக் காற்று புகுந்து வருவதால் செங்கோட்டை, குற்றாலம், தென்காசி ஊர்களுக்கு அந்த மழையின் மிச்சம் கிடைக்கிறது. அதுதான் சாரல். அடித்துப் பெய்யாமல், வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை இங்கே ‘சீசன்’ என்றால் போதும், விளக்கம் வேண்டாம். இதே காற்று கணவாயைத் தாண்டிக் கிழக்கே விரியும் வெட்டவெளிகளில்தான் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து இன்னொரு முறை குளங்களை நிரப்புகிறது. இரண்டு மழைக்கும் இரண்டு போகம்: கார், பிசானம். கண்ணுப்புளிமெட்டுக்கு மேலே குண்டாறு அணை இருக்கிறது. உயரம் 36 அடிதான். சீசன் தொடங்கியதும் மாவட்டத்தில் முதலில் நிரம்பி வழியும் அணைகளில் ஒன்று என்று செய்தித்தாளில் ஆண்டுதோறும் இடம்பிடித்துவிடும். மேக்கரையில் உள்ள அடவிநயினார் அணை 132 அடி. பண்பொழி, வடகரைப் பக்கத்து வயல்களுக்கு அது நீர் கொடுக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கை முழுதாகப் பார்க்கச் சரியான இடம் பண்பொழி திருமலைக்கோயில். வயல்வெளியின் நடுவே தனியாக நிற்கும் குன்றின் மேல் முருகன் கோயில். படியேறலாம், வாகனச் சாலையும் உண்டு. மேலே நின்றால் தெற்கே குற்றால மலை, மேற்கே தொடர்ச்சியாக மலைவரிசை, அதில் கணவாய் தாழும் இடம், கீழே பச்சை, எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். நிலப்படம் பார்த்துப் புரியாத அமைப்பு இங்கே இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும். கணவாய்க்குப் போகுமுன் இங்கே வருவது நல்லது.

சங்கு முத்திரை

செங்கோட்டைக்குள் நுழையும் இடத்தில் பழைய வளைவு வாசல் ஒன்று நிற்கிறது. அதில் திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரை. தமிழ் பேசும் ஊர், தமிழக மாவட்டம், வாசலில் மட்டும் மலையாள மன்னரின் சின்னம். காரணம் எளிது: 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரையும், பிறகு அது இணைந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது.

கணவாயின் இரு பக்கத்தையும் ஒரே கையில் வைத்திருப்பவருக்குத்தான் அதனால் பயன். கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட இளையிடத்து ஸ்வரூபம் என்ற சிற்றரசு மலைக்கு மேற்கேயும் கிழக்கே செங்கோட்டையிலும் ஆட்சி செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அந்தச் சிற்றரசைத் தம் நாட்டோடு சேர்த்துக்கொண்டார். அப்போது கணவாயும் அதன் கிழக்கு வாசலும் திருவிதாங்கூருக்குப் போயின. சுற்றியிருந்த தென்காசி, குற்றாலம் எல்லாம் ஆற்காட்டு நவாப், பிறகு கும்பினி, பிறகு பிரிட்டிஷ் அரசு என்று கை மாறிக்கொண்டிருந்தன. செங்கோட்டை மட்டும் சமஸ்தானத்தின் ஒரு நீட்டமாக மலைக்கு இந்தப் பக்கம் நின்றது. வண்டிப் பாரத்துக்குச் சுங்கம் வசூலிக்க இதைவிடத் தோதான இடம் சமஸ்தானத்துக்கு வேறு இருந்திருக்க முடியாது.

போக்குவரத்து இருவழியிலும் நடந்தது. மேற்கேயிருந்து மிளகு, பாக்கு, தேங்காய், மரம். கிழக்கேயிருந்து நெல், துணி, கால்நடை, கருப்பட்டி. அரிசி போதாத மலையாளக் கரைக்கு நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் நெற்களஞ்சியங்கள். இன்றும் அந்தக் கணக்கு மாறவில்லை, பொருள்தான் மாறியது. சுரண்டை, பாவூர்சத்திரம் சந்தைகளில் ஏலம் போகும் காய்கறியில் பெரும்பங்கு இரவோடு இரவாக இந்த வழியில் கேரளத்துக்குப் போகிறது.

விடுதலைக்குப் பிறகு மொழிவழி மாநிலம் பேசப்பட்டபோது, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழர் பெரும்பான்மையாக உள்ள தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை கிடைத்தன. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை. முதல் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலியோடு சேர்ந்தது. கிழக்கு அடிவாரத்தில் இருந்த எல்லை மலை ஏறி, கணவாயின் உச்சியில் கோட்டைவாசலுக்குப் போய் நின்றது.

அந்த இடமாற்றத்தின் சாட்சி பிரானூர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் உள்ள இந்த ஊரில்தான் பழைய எல்லை இருந்தது. எல்லை போய் அறுபது ஆண்டுக்கு மேலாகியும் ஊரார் அதைப் ‘பார்டர்’ என்றே சொல்கிறார்கள். பேருந்து நடத்துநரும் அப்படித்தான் கூவுகிறார். மலையிலிருந்து மரம் இறங்கும் வழி என்பதால் வந்த மர அறுவை மில்கள் இங்கே வரிசையாக இருக்கின்றன. பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தென்மாவட்டம் முழுதும் பெயர் பெற்றவை. குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற பசிக்கு அவை பொருத்தம். வாழையிலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றும் அந்தக் கடைகளில் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

ஊரின் மூன்று பேர்

இத்தனை சிறிய ஊர் தமிழுக்குத் தந்தவர்களில் மூன்று பேரையாவது சொல்லாமல் போக முடியாது. முதலாமவர் ஆவுடையக்காள். இளம் வயதில் கணவனை இழந்து, அன்றைய கைம்பெண் வாழ்வின் கட்டுகளை மீறி, அத்வைதத்தை எளிய தமிழ்ப் பாட்டில் பாடியவர். அவருடைய பாடல்கள் நெடுங்காலம் அச்சேறாமல் பெண்களின் வாய்வழியாகவே வாழ்ந்தன.

இரண்டாமவர் 1906-இல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா. பெயரின் முதல் எழுத்தே ஊர். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கும் குரல் அவருடையது. கே.பி.சுந்தராம்பாளுடன் அவர் நடித்த நாடகங்கள் தமிழ் மேடையின் உச்சங்களில் ஒன்று. 1933-இல், முப்பது வயதுகூட நிறையாமல் மறைந்தார்.

மூன்றாமவர் வாஞ்சிநாதன். அவர் கதைக்கும் கணவாய்க்கும் நேர்த்தொடர்பு உண்டு. 1886-இல் செங்கோட்டையில் பிறந்த அவர், மலைக்கு அப்பால் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தார். நீலகண்ட பிரம்மச்சாரி திரட்டிய ரகசியக் குழுவில் சேர்ந்தார். செங்கோட்டையும் புனலூரும் சமஸ்தான எல்லைக்குள் இருந்தன. பிரிட்டிஷ் மாவட்டமோ பக்கத்திலேயே இருந்தது. ரகசியக் கூட்டம் போடுவோருக்கு இது வசதியான நிலம்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், மனைவியுடன் கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை ரயில் பெட்டியிலேயே சுட்டுக் கொன்றார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். செங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மணியாச்சி நிலையமும் இன்று அவர் பெயரைத் தாங்கி வாஞ்சி மணியாச்சி ஆகிவிட்டது. அந்தச் செயலின் நோக்கம் பற்றியும், அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தின் மொழி பற்றியும் ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஊரில் அந்த வாதம் கிடையாது.

ரயில் ஏறிய மலை

கணவாயில் ரயில் போட்டதற்குக் கொல்லம் துறைமுகமே முதல் காரணம். ஸ்ரீமூலம் திருநாள் மன்னராக இருந்தபோது, திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து இந்தப் பாதையை உருவாக்கின. திருநெல்வேலியிலிருந்து தண்டவாளம் 1903-இல் செங்கோட்டைக்கு வந்தது. மேற்கே கொல்லத்திலிருந்து புனலூர் வரை இன்னொரு துண்டு. நடுவில் இருந்த மலைப்பகுதிதான் கடைசி வேலை. அதுவும் முடிந்து, 1904 நவம்பரில் கொல்லம் – செங்கோட்டை முழுவதும் மீட்டர் கேஜ் வண்டி ஓடத் தொடங்கியது.

அது வெறும் மலை ரயிலாக நினைக்கப்பட்டதில்லை. கொல்லத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே கோட்டயம் வழியான பாதை 1958-இல்தான் முழுமை பெற்றது. அதுவரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருவிதாங்கூரை இந்தியாவின் மற்ற பகுதிகளோடு இணைத்த ஒரே ரயில்பாதை இதுதான். 1918-இல் திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்த பிறகும், அங்கிருந்து சென்னைக்குப் போகிறவர் கொல்லம் வந்து, புனலூர், தென்மலை, ஆரியங்காவு ஏறி, செங்கோட்டையில் இறங்கித்தான் போக வேண்டும். எழும்பூருக்கு ஓடிய கொல்லம் மெயில் தென்மாவட்டத்துப் பழைய தலைமுறைக்கு மறக்காத வண்டி.

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே ரயில்பாதை 49 கிலோமீட்டர். மலையை நேராக ஏற முடியாமல் பாதை வளைந்து வளைந்து போகிறது. பாலங்கள் ஏராளம், சுரங்கங்கள் சில. கிழக்கு அடிவாரத்தில் பகவதிபுரம், பிறகு உச்சியைக் குடைந்து போகும் சுரங்கம், இந்தத் தடத்திலேயே நீளமானது. அதற்கு அப்பால் ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றைக்கல், இடமண். ஏற்றம் கடுமையானதால் வண்டிக்குப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் தேவைப்பட்டது. ரயில்வேக்காரர்கள் அதைப் பேங்கர் என்பார்கள். மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்த பிறகும் பேங்கரின் வேலை தீரவில்லை.

தடத்தின் முகப்படம் கழுதுருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பதின்மூன்று கண் பாலம். கருங்கல் தூண்கள், கல் வளைவுகள், மேலே தண்டவாளம், கீழே நெடுஞ்சாலை, அதற்கும் கீழே ஆறு. அகலப்பாதைக்கு மாற்றும்போது இதை இடித்துவிட்டு இரும்புப் பாலம் போட்டிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது. பழைய வளைவுகளை வலுப்படுத்தி அதன் மேலேயே புதிய தடத்தை விட்டது பாராட்டத்தக்க முடிவு. பாலத்தைப் பார்க்கச் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறலாம். ரயில் வரும் நேரத்தை அக்கம்பக்கத்துக் கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. தண்டவாளத்தில் நின்று செல்ஃபி எடுப்பது குற்றம்.

மாற்றுவேலை லேசாக முடியவில்லை. செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் வண்டி 2010 செப்டம்பரில் நின்றது. சுரங்கங்களை அகலப்படுத்த வேண்டும், பாலங்களைப் பலப்படுத்த வேண்டும், மழைக்காலத்தில் மண் சரியும் சரிவுகளைக் கட்ட வேண்டும். 2018-இல்தான் ரயில் மறுபடி மலை ஏறியது. அந்த எட்டு ஆண்டு ஆரியங்காவு, தென்மலை ஊர்களின் அன்றாடத்துக்குப் பெரிய அடி. இன்று சென்னை எழும்பூர் – கொல்லம் விரைவு வண்டியும், பாலருவி எக்ஸ்பிரஸும், மதுரை – குருவாயூர் வண்டியும் இந்த வழியில் ஓடுகின்றன. மலைப்பகுதியில் வண்டி மெதுவாகவே ஊரும். அவசரக்காரருக்கு அது எரிச்சல், ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குக் கொடுப்பினை.

புளியரை முதல் புனலூர் வரை

சாலை வழி தேசிய நெடுஞ்சாலை 744. கொல்லத்தில் தொடங்கி, கணவாயைத் தாண்டி, தென்காசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் திருமங்கலத்தில் முடிகிறது. செங்கோட்டையிலிருந்து புறப்பட்டால் முதலில் புளியரை. வயல் நடுவே தட்சிணாமூர்த்தி கோயில், வியாழக்கிழமைகளில் கூட்டம். அதை அடுத்துச் சோதனைச் சாவடி. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், அங்கிருந்து வரும் வண்டிகளுக்கு இங்கேதான் கிருமிநாசினி தெளிப்பார்கள்.

புளியரையைத் தாண்டியதும் சாலை மலையில் ஏறுகிறது. ஓட்டுநர்கள் ‘எஸ் வளைவு’ என்று சொல்லும் திருப்பங்கள் இங்கேதான். ஊட்டி, கொடைக்கானல் போல நீண்ட ஏற்றத்தை எதிர்பார்த்து வருபவர் ஏமாறுவார். ஏறத் தொடங்கிச் சற்று நேரத்தில் உச்சி வந்துவிடும். அந்தத் தாழ்வுதானே இதைக் கணவாயாக்கியது. ஆனால் திருப்பங்களில் நின்று திரும்பிப் பார்த்தால் புளியரை வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். அறுவடைக்கு முந்தைய வாரங்களில் அதைப் பார்ப்பதற்கென்றே வரலாம். எந்நேரமும் லாரி வரும் சாலை என்பதால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

கோட்டைவாசலில் மாநிலம் மாறுகிறது. பெயர்ப்பலகையின் எழுத்து மாறுவதற்கு முன்பே மரம் மாறிவிடுகிறது. கிழக்குச் சரிவில் இலையுதிர்க் காடும் முட்புதரும். மேற்கே இறங்கியதும் ஈரக்காடு, ரப்பர், தேக்கு, கமுகு. பேச்சு அவ்வளவு சட்டென்று மாறுவதில்லை. ஆரியங்காவுக் கடைகளில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். சுற்றியுள்ள தோட்டங்களில் வேலை செய்வோரில் தமிழ்க் குடும்பங்கள் பல.

அவற்றில் ஒரு பகுதியினரின் வழி கடல் கடந்தது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழர்களில் சிலரை, புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் குளத்தூப்புழைப் பகுதி ரப்பர் காடுகளில் குடியமர்த்தியது. கண்டிச் சீமையில் கொழுந்து பறித்தவர்கள் இங்கே ரப்பர் பால் வெட்டக் கற்றுக்கொண்டார்கள். சுற்றுலாக் கையேடுகள் இந்த ஊர்களைக் கடந்து போய்விடுகின்றன.

ஆரியங்காவிலிருந்து பிரிந்து காட்டுக்குள் சில கிலோமீட்டர் போனால் பாலருவி. ஏறத்தாழ முந்நூறு அடி உயரத்திலிருந்து பாறையில் வெள்ளையாக இறங்கும். குற்றாலத்தின் நெரிசலுக்குப் பழகியவர்களுக்கு இதன் அமைதி பிடிக்கும். வனத்துறையின் வாகனத்தில்தான் உள்ளே போக முடியும், நீர் பெருகினால் வாசலையே மூடிவிடுவார்கள். கழுதுருட்டியிலிருந்து மேலே ஏறினால் அம்பநாடு. ரப்பருக்குப் பெயர்போன கொல்லம் மாவட்டத்தில் தேயிலை பார்க்க அங்கே போக வேண்டும்.

தென்மலை, கல்லடை ஆற்றின் மீது கட்டிய பெரிய அணையைச் சுற்றி வளர்ந்த இடம். நாட்டின் முதல் திட்டமிட்ட சூழல் சுற்றுலா மையம் என்ற பெயர் இதற்கு உண்டு. அணையின் நீர்ப்பரப்பைச் சூழ்ந்திருப்பது செந்துருணி வனவிலங்குச் சரணாலயம், 1984-இல் அமைந்தது. இந்தப் பகுதிக்கே உரிய செங்குறிஞ்சி மரம் அதற்குப் பெயர் கொடுத்தது. படகுப் பயணம் நன்றாக இருக்கும். பூங்கா, சிலை, தொங்குபாலம் முதலிய செயற்கைகள் குழந்தைகளோடு வருபவர்களுக்கு.

புனலூரில் தொங்குபாலம் ஒன்று உண்மையான பழையது. ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் வடிவமைத்து, கல்லடை ஆற்றின் குறுக்கே 1877-இல் கட்டி முடிக்கப்பட்டது. கணவாய் வழியாக வந்த வண்டிகள் கொல்லம் போக இந்த ஆற்றைக் கடந்தாக வேண்டும். இப்போது வாகனங்களுக்குப் பக்கத்தில் வேறு பாலம் இருக்கிறது. சங்கிலிகள் தாங்கும் பழைய பாலம் நடந்து பார்ப்பதற்கு.

மதுரைக்காரர் வீட்டுச் சம்பந்தம்

ஆரியங்காவு சாஸ்தா கோயில் நெடுஞ்சாலைக்குக் கீழே, சில படிகள் இறங்கிப் போகும் பள்ளத்தில் இருக்கிறது. வேகமாகப் போகும் வண்டியிலிருந்து கூரைதான் கண்ணில் படும். குளத்தூப்புழையில் குழந்தை, ஆரியங்காவில் இளைஞர், அச்சன்கோவிலில் இல்லறத்தார், சபரிமலையில் தவக்கோலம் என்று சாஸ்தாவின் வாழ்க்கைப் பருவங்களை மலைக்கோயில்களுக்குப் பங்கிட்டுச் சொல்வது மரபு. சபரிமலைக்கு மாலை போட்டுத் தென்மாவட்டங்களிலிருந்து போகும் சாமிமார் பலர் இந்த வழியாகவே போகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் சாலையில் கறுப்பும் நீலமும்தான்.

இந்தக் கோயிலின் விசேஷம் மார்கழியில், மண்டல பூஜையை ஒட்டி நடக்கும் திருக்கல்யாணம். மணமகள் புஷ்கலாதேவி. பெண் வீட்டார் மதுரைச் சௌராஷ்டிர சமூகத்தினர். தலபுராணம் சொல்லும் கதை இது: மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குப் பட்டு கொண்டுபோன சௌராஷ்டிர வணிகர் ஒருவர், காட்டுவழிக்கு அஞ்சித் தம் மகளை ஆரியங்காவில் விட்டுவிட்டுத் தனியே போனார். வழியில் யானை மறித்தது. ஒரு வேட்டுவ இளைஞன் வந்து காப்பாற்றினான். நன்றிக்கு அவனுக்கு ஒரு பட்டைப் போர்த்தினார். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பட்டு சாஸ்தாவின் மேல் இருந்தது. மகளோ இறைவனோடு கலந்துவிட்டாள்.

கதையை அப்படியே நம்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் அதில் உள்ள வணிகப் பாதை உண்மையானது: மதுரை நெசவு, கணவாய்க் காடு, வழித்துணைக்கு ஒரு தெய்வம், அப்பால் மலையாள அரசர். கோயில் நிர்வாகம் இன்றும் மதுரைச் சௌராஷ்டிரர்களைச் சம்பந்தி முறையில் வரவேற்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு நிகரான சடங்குக்குப் ‘பாண்டியன் முடிப்பு’ என்று பெயர். மதுரையிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து, சீர்வரிசை வைத்து, மாப்பிள்ளை வீட்டாரின் உபசாரத்தை ஏற்றுக்கொண்டு போகிறார்கள். திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மதுரை நெசவாளர் சமூகமும் ஆண்டுக்கு ஒரு முறை சம்பந்தம் கொண்டாடும் இடம் வேறு எங்கும் இல்லை.

அதே மார்கழியில் இன்னொரு ஊர்வலம். அச்சன்கோவில் திருவிழாவுக்கான திருவாபரணங்கள் புனலூர்க் கருவூலத்திலிருந்து புறப்படும். புனலூரும் அச்சன்கோவிலும் கேரளத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஆபரணப் பெட்டி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி வழியாகத் தமிழகத்துக்குள் வந்து, மேக்கரை மலைச்சாலையில் மறுபடி ஏறி அச்சன்கோவிலுக்குப் போகிறது. செங்கோட்டையிலும் தென்காசியிலும் மக்கள் திரண்டு வரவேற்கிறார்கள். மாநில எல்லையை இரண்டு முறை கடக்கும் இந்தச் சுற்றுவழிக்கு இரு மாநிலக் காவலும் துணை வருகிறது.

காட்டின் பக்கம்

மனிதருக்கு வழியான இந்தப் பள்ளம், உயரத்தில் வாழும் உயிர்களுக்குத் தடை. சோலைக்காட்டுக் குளிரில் மட்டும் வாழும் சிறு பறவைகள் இந்தத் தாழ்வைக் கடந்து அடுத்த மலைக்குப் போவதில்லை. நெடுங்காலம் பிரிந்தே இருந்ததால் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலையில் உள்ளவை தனி இனங்களாகவே ஆகிவிட்டன. அசம்பு மலையின் பெயரைத் தாங்கிய சோலைப் பறவை ஒன்று 2017-இல்தான் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. தவளைகளிலும் இத்தகைய பிரிவு இருக்கிறது.

யானைக்குச் சிக்கல் வேறு விதம். பெரியாறு காடுகளுக்கும் அகத்தியமலைக் காடுகளுக்கும் நடுவே அவை நடமாடுவதற்கு இந்தப் பள்ளத்தைக் கடந்தாக வேண்டும். நடுவில் நெடுஞ்சாலை, ரயில்பாதை, ரப்பர்த் தோட்டம், வீடுகள். இரு மலைத் தொகுதிகளும் யானைக்கு ஒன்றுக்கொன்று எட்டாமல் போனால் தெற்குக் கூட்டம் தனித்துவிடும் என்பது காட்டியலாளர்களின் கவலை. கணவாய் வழியே ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளம் போகும் டிப்பர் லாரிகளின் வரிசை அந்தக் கவலையைக் கூட்டுகிறது. மலையடிவாரத்தைத் தோண்டி எடுத்த கல் அதே மலையைத் தாண்டிப் போகிறது. இரு பக்கத்து மக்களும் எதிர்ப்புச் சொல்லியும் போக்குவரத்து குறையவில்லை.

போக ஏற்ற காலம்

சாரலுக்கும் அருவிக்கும் வருபவர் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வரலாம். சனி, ஞாயிறைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். அக்டோபர், நவம்பரில் பள்ளத்தாக்கு மிகப் பசுமையாக இருக்கும், ஆனால் கனமழை பெய்தால் மலைப்பாதையில் மண்சரிவு வரும், ரயில் நிற்கும். ஆரியங்காவுத் திருக்கல்யாணம் பார்க்க டிசம்பர் கடைசி வாரம். ஏப்ரல், மே மாதங்களில் பாலருவியில் நீர் இருக்காது, புளியரை வயலில் பச்சை இருக்காது. அப்போது வருவதற்கு ரயில் தவிரக் காரணம் இல்லை.

கணவாயைக் காரில் மட்டும் கடந்து திரும்புபவர் பாதிதான் பார்க்கிறார். சுரங்கமும் பாலங்களும் கழுதுருட்டிப் பள்ளமும் ரயிலில் இருந்துதான் தெரியும். எஸ் வளைவும் சாஸ்தா கோயிலும் பாலருவியும் சாலையில்தான். செங்கோட்டையிலிருந்து பகல் வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிப் புனலூர் போய், தொங்குபாலத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தென்காசிப் பேருந்தில் தென்மலை, ஆரியங்காவு இறங்கி இறங்கி வருவதே சரியான முறை. விரைவு வண்டிகள் சில இந்தத் தடத்தை இரவில் கடக்கின்றன என்பதால், பயணச்சீட்டு எடுக்குமுன் செங்கோட்டையிலிருந்து புறப்படும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.